படிப்புச் சாமியின் வழியில், கியோட்டோ முதல் தஸாய்ஃபு வரை

புறப்படும் முன்

ஜப்பானில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் போய் நிற்கிற சந்நிதி தென்ஜினுடையது. நாடெங்கும் அவருக்குச் சுமார் 12,000 கோயில்கள் இருப்பதாகச் சொல்வார்கள். பெயரின் கடைசியில் 'தென்மான்கூ' என்றோ 'தென்ஜின்' என்றோ வந்தால் அது அவர் கோயில். இவர் புராணத்தில் பிறந்த சாமி இல்லை. 845இல் பிறந்து 903இல் இறந்த சுகவாரா நோ மிச்சிசானே என்ற மனிதர். சீன மொழியில் கவிதை எழுதிய பண்டிதர். 899இல் வலது அமைச்சர் என்ற உயர்பதவிக்கு வந்தவர். இடது அமைச்சர் ஃபுஜிவாரா நோ தொகிஹிரா கோள் மூட்டியதில் 901இல் கியூஷு தீவின் தஸாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டார். இரண்டே ஆண்டில் அங்கேயே உயிர் போயிற்று.

சுற்றுலா போகிறவர்கள் வழக்கமாகத் தஸாய்ஃபுவை மட்டும் அரைநாளில் முடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் போனால் எருதுச் சிலையும் பென்சிலும்தான் மனதில் நிற்கும். கியோட்டோவில் தொடங்கி அவர் போன திசையிலேயே போனால், ஒரு பண்டிதர் எப்படிப் பழிவாங்கும் ஆவியானார், அந்த ஆவி எப்படிச் சாமியாகி, கடைசியில் பரீட்சை ஹாலுக்கு வந்து சேர்ந்தது என்பது பிடிபடும். நான்கு நாள் போதும்.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். மிச்சிசானே பிறந்தது ஆறாம் மாதம் 25, பதவி பறிபோனது முதல் மாதம் 25, இறந்தது இரண்டாம் மாதம் 25, எல்லாம் பழைய நாட்காட்டிப்படி. அதனால் ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி அவர் கோயில்களில் விசேஷ நாள். பிப்ரவரி 25 இன்னும் பெரிய நாள். ஜப்பானின் அரசுப் பல்கலைக்கழகங்களின் இரண்டாம் கட்ட நுழைவுத் தேர்வும் அதே 25ஆம் தேதிதான் தொடங்குகிறது. முதல் கட்டமான பொதுத் தேர்வு ஜனவரி நடுவில் ஒரு சனி, ஞாயிறு. ஆக, புத்தாண்டு முதல் பிப்ரவரி கடைசி வரை கோயிலில் நெரிசல்தான். அந்த நெரிசலைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அப்போது போங்கள். நிம்மதியாகச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால், பூ இருந்து கூட்டம் குறைந்த மார்ச் முதல் வாரத்தின் ஒரு செவ்வாயோ புதனோ நல்லது.

முதல் நாள்: கிதானோ தென்மான்கூ, கியோட்டோ

கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து 50ஆம் எண் பஸ் நேராகப் போகும். இறங்க வேண்டிய நிறுத்தம் 'கிதானோ தென்மான்கூ மாஎ'. நகருக்குள் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், 230 யென். ஆனால் காலை ஒன்பதுக்கு மேல் அந்த பஸ்ஸில் பெட்டியோடு ஏறுவது வீண் வேலை. கரசுமா சுரங்க ரயிலில் இமாதெகாவா வரை போய், அங்கிருந்து மேற்கே போகும் 203ஆம் எண்ணைப் பிடித்தால் நிற்கவாவது இடம் கிடைக்கும். அரஷியாமா பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் குட்டி ரயிலின் கடைசி ஸ்டேஷன் கிதானோ ஹகுபாய்ச்சோ. நடை ஐந்து நிமிடம். 25ஆம் தேதி என்றால் பஸ்ஸை மறந்துவிடுங்கள். அன்று கோயிலைச் சுற்றி விடிகாலையிலிருந்து சந்தை. பழைய கிமோனோ, பீங்கான், துருப்பிடித்த கருவிகள், தின்பண்டங்கள் என்று தெரு முழுக்கக் கடை.

சாலையோரம் நிற்கும் பெரிய கல் தோரிதான் நுழைவாயில். தோரி என்பது நம் தோரணவாயில் போல ஒன்று. சாமியின் எல்லை அங்கே தொடங்குகிறது. அதன் முன் நின்று லேசாகத் தலை குனிந்துவிட்டு உள்ளே போக வேண்டும். பாதையின் நடுப்பகுதி சாமி வரும் வழி என்பதால் ஓரமாக நடப்பது மரியாதை. இடது கையோரம் ஒரு சிறு சந்நிதி வரும். அது மிச்சிசானேயின் தாயாருக்கு உரியது. பெரும்பாலோர் கடந்து போய்விடுவார்கள். அதன் கல் தோரியின் அடியைக் குனிந்து பாருங்கள்: தூண்கள் தாமரை இதழ் செதுக்கிய பீடத்தில் நிற்கின்றன. பௌத்தத் தாமரை, ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிண்டோவின் தோரியின் காலடியில் இருப்பது அபூர்வம்.

அடுத்து கை கழுவும் தொட்டி, தெமிசுயா. வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் தப்பு செய்யும் இடம் இது. ஒரே ஒரு அகப்பை நீரில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். வலது கையால் அகப்பையை எடுத்து நிறைய மொள்ளுங்கள். கால்வாசியை இடது கையில் ஊற்றுங்கள். அகப்பையை இடது கைக்கு மாற்றி வலது கையில் ஊற்றுங்கள். மறுபடி வலது கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் நீர் ஏந்தி வாயைக் கொப்பளியுங்கள். அகப்பையில் உதடு படக்கூடாது. கொப்பளித்ததைத் தொட்டிக்கு வெளியே, கீழே உள்ள கற்களில் துப்ப வேண்டும். வாயைத் தொட்ட இடது கையை இன்னொரு முறை நனையுங்கள். கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மிச்ச நீர் காம்பு வழியே வழிந்து, நீங்கள் பிடித்த இடத்தைக் கழுவிவிடும். கவிழ்த்து வையுங்கள். முதல் கையிலேயே பாதி நீரைக் கொட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு; அப்புறம் காம்பு கழுவ நீர் இருக்காது, திரும்ப மொண்டால் வரிசை நிற்கும். கொரோனாவுக்குப் பின் பல கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் நீர் விழும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே கையை மட்டும் கழுவினால் போதும்.

இரண்டு மாடி வாசலைத் தாண்டியதும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நேராகப் போகும் பாதை மிச்சிசானேயின் சந்நிதிக்குப் போவதில்லை. நேர்கோட்டில் இருப்பது ஜினுஷி என்ற சிறு சந்நிதி; அவருக்கு முன்பே அந்த நிலத்தில் இருந்த தெய்வத்தினுடையது. மிச்சிசானே பிற்பாடு வந்தவர், அதனால் அவருக்குரிய மண்டபம் அச்சிலிருந்து விலகி மேற்கே தள்ளியிருக்கிறது. கிதானோவின் ஏழு அதிசயங்களில் இதுவும் ஒன்று என்று கோயிலே சொல்கிறது. இங்கே முன்பு இடிக்கும் மழைக்கும் வழிபாடு நடந்துவந்தது. ஊரைக் கெடுத்த ஆவியை அமர்த்த ஏன் இந்த இடம் என்பதற்கு விடை அதில் இருக்கிறது.

மிச்சிசானே இறந்த ஆறாவது ஆண்டு, 909இல், தொகிஹிரா 39 வயதில் இறந்தார். 923இல் பட்டத்து இளவரசர் போனார். 930 கோடையில் அரண்மனையின் செய்ரியோதென் மண்டபத்தின் மேல் இடி விழுந்து அதிகாரிகள் செத்தார்கள். பேரரசர் தைகோ நோயில் விழுந்து மூன்று மாதத்தில் காலமானார். எல்லாம் மிச்சிசானேயின் கோபம் என்று தலைநகரம் நடுங்கியது. அவரை அமைதிப்படுத்த 947இல் எழுந்ததுதான் இந்தக் கோயில். அரசாங்கமும் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தது: 923இல் பழைய பதவி, 993இல் தலைமை அமைச்சர் பட்டம். செத்து 90 ஆண்டுக்குப் பிறகு பதவி உயர்வு! அவருக்குக் கிடைத்த தெய்வப் பெயர் 'தென்மான் தைஜிசாய் தென்ஜின்'. இதில் தைஜிசாய்தென் என்பது பௌத்தம் வழியாக ஜப்பான் போன மகேஸ்வரன், நம் சிவன்தான். வெள்ளை எருதில் அமர்ந்த உருவம். தென்ஜின் கோயில்களில் எருது ஏன் என்பதற்கு அவர் பிறந்தது எருது ஆண்டு என்பார்கள், அவர் சடலத்தை இழுத்த எருது நகர மறுத்தது என்பார்கள். மகேஸ்வரன் வழியாக வந்தது என்று மூன்றாவதாக ஒரு விளக்கமும் உண்டு. நமக்கு நெருக்கமானது அதுதான்.

நடு வாசலின் பெயர் சான்கோமோன், மூன்று ஒளிகளின் வாசல். சூரியன், சந்திரன், நட்சத்திரம் செதுக்கியிருக்க வேண்டும். நட்சத்திரத்தை மட்டும் தேடித் தேடிக் கழுத்து வலித்தவர்கள் நிறையப் பேர். அது இல்லை. பழைய அரண்மனையிலிருந்து பார்த்தால் வாசலுக்கு மேலே துருவ நட்சத்திரமே தெரிந்தது, அதனால் செதுக்கவில்லை என்பது கதை. உள்ளே இருக்கும் மண்டபம் 1607இல் தொயொதொமி ஹிதெயோரி கட்டிக்கொடுத்தது, தேசியப் பொக்கிஷம். கூரை சைப்ரஸ் மரப்பட்டை வேய்ந்தது.

கும்பிடும் முறை: காசை எறியாமல் மெதுவாகப் பெட்டியில் விடுங்கள். ஐந்து யென் வழக்கம். 'கோ என்' என்ற ஒலிக்கு நல்ல உறவு என்றும் பொருள். நடுவில் துளையுள்ள பித்தளை நிறக் காசு அது, முதல் நாளே நாலைந்து சேர்த்து வையுங்கள். மணிக்கயிறு இருந்தால் ஒருமுறை ஆட்டுங்கள். இடுப்பை வளைத்து இரண்டு முறை ஆழமாக வணக்கம். நெஞ்சுக்கு நேரே கைகளைச் சேர்த்து, வலது கையை விரல் கணு அளவு கீழே இறக்கி, இரண்டு முறை தட்டுங்கள். இறக்கித் தட்டினால் சத்தம் தெளிவாக வரும். பிறகு கைகளைச் சமமாக்கி, பெயரும் ஊரும் சொல்லி வேண்டுங்கள். இன்னொரு ஆழ்ந்த வணக்கத்தோடு முடிகிறது. பௌத்தக் கோயிலில் கை தட்டக்கூடாது. அங்கும் இங்கும் மாறி மாறிப் போகிறவர்கள் இதில் குழம்புவார்கள்.

திரும்புமுன் முன்மண்டபத்து உத்தரத்தின் மேல் உள்ள மரச் செதுக்கலைப் பாருங்கள். கோயிலில் இருக்கும் எருதுகள் எல்லாம் படுத்திருக்க, இது ஒன்று மட்டும் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதற்கு உறுதியான காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

வடமேற்கு மூலையில் எருதுச் சந்நிதி. ஒரே ஒரு வேண்டுதலை மட்டும் கேட்டுத் தடவ வேண்டிய கல் எருது அங்கே இருக்கிறது. பிள்ளைகள் எமா என்ற மரப்பலகைகளைத் தொங்கவிடுவதும் இங்கேதான். எமா எழுதுவதில் கவனிக்க வேண்டியவை சில. அங்கே வைத்திருக்கும் எண்ணெய் மை பேனாவையே பயன்படுத்துங்கள். சொந்த ஜெல் பேனாவில் எழுதினால் மரம் மையை உறிஞ்சி எழுத்து பிசிறும், ஒரு மழைக்கே கரைந்தும் போகும். எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் மர நாரில் அடைந்துவிடும். 'நல்ல மார்க் வேண்டும்' என்று எழுதாமல் எந்தத் தேர்வு, எந்தக் கல்லூரி, எந்த மாதம் என்று எழுதுவது வழக்கம். பெயர் எழுதலாம், முழு முகவரி வேண்டாம். மற்ற பிள்ளைகளின் பலகைகளில் பெயரும் பள்ளியும் இருக்கும். வரிசையாகத் தொங்குவதைத் தூரத்திலிருந்து படமெடுங்கள், ஒரு பலகையை நெருங்கி எடுத்துப் போடாதீர்கள்.

உமே தோட்டம் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை திறந்திருக்கும். சுமார் 1,500 மரங்கள், 50 வகைகள். கட்டணத்தோடு தேநீரும் சிறு பலகாரமும் தருவார்கள். உமேயைப் பிளம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். தாவரமாக அது ஆப்ரிகாட்டுக்கே நெருக்கம். செர்ரி போல ஒரே வாரத்தில் கொட்டிவிடாது, மாதக் கணக்கில் ஒவ்வொன்றாகப் பூக்கும். மூக்குக்கு விருந்து, கண்ணுக்குச் செர்ரிதான். பிப்ரவரி 25 அன்று பக்கத்துத் தெருவான கமிஷிச்சிகெனின் கெய்ஷாக்கள் வெளியில் அமர்ந்து தேநீர் பரிமாறுவார்கள். அப்போது நாட்டை ஆண்ட தொயொதொமி ஹிதெயோஷி 1587இல் இதே வளாகத்தில் நடத்திய பெரும் தேநீர் விருந்தின் நினைவு அது. அதற்குத் தனி டிக்கெட், சீக்கிரம் தீரும்.

இரண்டாம் நாள்: அவர் வாழ்ந்த தஸாய்ஃபு

கியோட்டோவிலிருந்து ஃபுகுவோகா நகரின் ஹகாதா ஸ்டேஷனுக்கு நொசோமி அதிவேக ரயிலில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். டிக்கெட் 16,000 யென்னுக்கு மேல். ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் நொசோமியில் ஏறினால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். ஹிகாரியில் ஷின் ஒசாகா போய் சகுராவுக்கு மாறினால் பாஸே போதும், அரைமணி சொச்சம் கூடும், அவ்வளவுதான். மிச்சிசானே 901இன் குளிர்காலத்தில் இரண்டு சிறு பிள்ளைகளோடு புறப்பட்டார். கிளம்பும் முன் தன் வீட்டு முற்றத்து உமே மரத்தைப் பார்த்துச் சொன்ன பாட்டு இது:

கீழைக் காற்று வீசினால்
உன் மணத்தை அனுப்பு, உமே மலரே;
தலைவன் இல்லை என்பதற்காக
வசந்தத்தை மறந்துவிடாதே.

ஹகாதாவில் பெட்டியை வைத்துவிட்டு, அதே நகரின் தென்ஜின் என்ற கடைவீதிப் பகுதிக்கு வந்து நிஷிதெத்சு ரயிலில் நிஷிதெத்சு ஃபுத்சுகாஇச்சியில் இறங்குங்கள். விரைவு ரயிலில் கால் மணி நேரம்தான். இறங்கியதும் எல்லோரும் தஸாய்ஃபு கிளைப்பாதை ரயிலுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம், வெளியே வாருங்கள்.

பத்து நிமிட நடையில் எனொகிஷா. வீடுகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு சிறு கோயில், ஆள் இருக்காது. மிச்சிசானே கடைசி இரண்டு ஆண்டுகள் இருந்த வீடு இங்கேதான் இருந்தது. பதவிப் பெயர் என்னவோ தஸாய்ஃபுவின் துணை ஆளுநர். சம்பளமில்லை, வேலையில்லை, கூரை ஒழுகும் வீடு. வளாகத்தின் பின்புறம் ஜோமியோனி என்ற கிழவிக்கு ஒரு சிறு சந்நிதி உண்டு. பசியாயிருந்தவருக்கு மோச்சி என்ற அரிசிப் பலகாரத்தை உமே கிளையில் குத்திக் கொடுத்தவள் என்பது ஐதீகம். நாளை கடைத்தெருவில் எல்லோரும் தின்னப் போகும் பண்டத்தின் மூலம் இந்தக் கிழவி. செப்டம்பர் திருவிழாவில் தஸாய்ஃபு கோயிலிலிருந்து சாமி ஊர்வலமாக வந்து ஓர் இரவு இங்கே தங்கிப் போகிறார். பழைய வீட்டுக்கு வருடத்தில் ஒரு நாள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து தோஃபுரோமாஎ ஸ்டேஷன் பக்கமாக வடக்கே நடந்தால் பழைய அரசு அலுவலகத்தின் இடிபாடு. பரந்த புல்வெளி, தூண் நட்ட அடிக்கற்கள், நடுவில் மூன்று கல்வெட்டுகள். கட்டணமில்லை, நிழலுமில்லை. ஜூலை, ஆகஸ்டில் குடையும் தண்ணீரும் இல்லாமல் வராதீர்கள். கியூஷு முழுவதையும் ஆண்டு, சீனா, கொரியாவோடு உறவு பார்த்த அலுவலகம் இது. மிச்சிசானே தன் கவிதை ஒன்றில், அரசு மாளிகையின் ஓட்டின் நிறம் மட்டும் கண்ணில் படுகிறது, கன்செயோன்ஜி என்ற பௌத்தக் கோயிலின் மணியோசை மட்டும் காதில் விழுகிறது என்று எழுதினார். வீட்டு வாசலைத் தாண்டாத கவிதை. அந்த ஓடு இருந்த மேடையில் நீங்கள் நிற்கிறீர்கள்; கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் கன்செயோன்ஜி. அவர் கேட்ட அதே மணி இன்றும் தொங்குகிறது, தேசியப் பொக்கிஷம். பக்கத்து அருங்காட்சியகத்தில் ஐந்து மீட்டர் உயரக் குதிரைத்தலைக் கன்னோன் (பௌத்தக் கருணைத் தெய்வம்) மரச்சிலை நிற்கிறது. பிற்பகலில் சீக்கிரம் மூடிவிடும், நான்கு மணிக்குள் போய்விடுங்கள்.

ஒரு கொசுறு. அலுவலக இடிபாட்டின் பின்னால் சகமோதோ ஹச்சிமான் கோயில். 730இல் இங்கே ஆளுநராயிருந்த ஓதொமோ நோ தபிதோ வைத்த உமே மலர் விருந்தில் பாடிய 32 பாட்டுகளின் முன்னுரையிலிருந்துதான் 2019இல் தொடங்கிய 'ரெய்வா' சகாப்தத்தின் பெயர் வந்தது. மிச்சிசானே வருமுன்பே இந்த ஊர் உமே ஊராக இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள்: தஸாய்ஃபு தென்மான்கூ

காலை எட்டு மணிக்கு முன் கோயிலில் இருங்கள். இன்றைய நாளின் வெற்றி தோல்வி இதில்தான். பத்து மணிக்கு மேல் டூர் பஸ்கள் வந்து இறங்கிவிடும். தென்ஜினிலிருந்து நிஷிதெத்சு ரயில், ஃபுத்சுகாஇச்சியில் மாற்றம், மொத்தம் அரைமணி, கட்டணம் சுமார் 420 யென். ஹகாதா பஸ் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாக 'தபிதோ' பஸ்ஸும் உண்டு. பெட்டியோடு வருகிறவர்களுக்கு அது வசதி.

ஸ்டேஷனை விட்டு வலப்புறம் திரும்பினால் கடைத்தெரு. இந்நேரம் கடைகள் மூடியிருக்கும். மரக்குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்டிய ஸ்டார்பக்ஸ் கூட. கட்டிடக் கலைஞர் குமா கெங்கோ சுமார் 2,000 குச்சிகளை வைத்து வடிவமைத்தது, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தெரு முடிவில் படுத்திருக்கும் வெண்கல எருதைத் தேட வேண்டியதில்லை. உடம்பு கறுத்துப் போயிருக்க, மூக்கும் கொம்பும் நெற்றியும் மட்டும் பொன்னாகப் பளபளக்கும். எத்தனையோ கைகள் தேய்த்த பளபளப்பு. எருதின் தலையைத் தடவி, அதே கையால் தன் தலையைத் தடவினால் அறிவு வரும். வலிக்கும் உறுப்பையும் அப்படியே செய்யலாம். பகலில் இந்த ஒரு எருதோடு படமெடுக்க இருபது நிமிடம் நிற்கிறார்கள். வளாகத்தில் மொத்தம் 11 எருதுகள் இருக்கின்றன. மற்ற பத்தில் எதை வேண்டுமானாலும் வரிசையில்லாமல் தடவலாம்.

எருதிலிருந்து இடப்புறம் திரும்பினால் 'மனம்' என்ற சீன எழுத்தின் வடிவில் வெட்டிய குளம். அதன் மேல் மூன்று பாலங்கள்: வளைவு, சமதளம், வளைவு. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்பார்கள். முதல் பாலத்தில் திரும்பிப் பார்க்காதே, நடுப்பாலத்தில் நிற்காதே, மூன்றாவதில் தடுக்காதே என்று பாட்டிமார் சொல்வது. ஐதீகத்தை விடுங்கள், மழை பெய்தால் வளைவுப் பாலத்தின் இறக்கம் நிஜமாகவே வழுக்கும். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி உள்ளவர்களுக்குக் குளத்தைச் சுற்றிச் சமதளப் பாதை இருக்கிறது. பாலங்களின் ஓரத்தில் உள்ள ஷிகாஷா என்ற சிறு சந்நிதி 1458இல் கட்டியது. வளாகத்திலேயே பழைய கட்டிடம். பெரிய மண்டபத்தை நோக்கி ஓடும் வேகத்தில் யாரும் நிற்பதில்லை.

இரண்டடுக்கு வாசல் கோபுரத்தைக் கடந்ததும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். முன்புறம் இரண்டு கூரை தெரிந்த வாசல், பின்புறம் ஒற்றைக் கூரையாகத் தெரியும்.

மூலமண்டபம் மிச்சிசானேயின் கல்லறை மேல் எழுந்தது. சடலத்தை இழுத்துவந்த எருது இங்கே படுத்து எழ மறுத்ததால் இங்கேயே புதைத்தார்கள். சீடர் உமாசாகே நோ யசுயுகி 905இல் சிறு சந்நிதி கட்டினார், 919இல் பெரிய மண்டபம் வந்தது. இப்போதுள்ளது 1591இல் கொபாயகாவா தகாகாகே கட்டியது. 124 ஆண்டுக்குப் பின் 2023 மே மாதம் பெரும் திருப்பணி தொடங்கியது. நம் கோயில்களில் பாலாலயம் வைப்பது போல, மூன்று ஆண்டுக்கென ஒரு தற்காலிக மண்டபம் எதிரில் எழுந்தது. வடிவமைத்தவர் ஃபுஜிமோதோ சோசுகே. கூரையின் மேல் ஒரு காட்டையே நட்டுவைத்தார். மிச்சிசானே இறந்த 1,125ஆம் ஆண்டை ஒட்டிய 2027 பெருவிழாவுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். நீங்கள் போகும் மாதத்தில் எந்த மண்டபத்தில் தரிசனம் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலமண்டபத்தைப் பார்த்து நின்றால் வலப்புறம் வேலியிட்ட வெள்ளை உமே, தோபியுமே. பாட்டைக் கேட்ட கியோட்டோ மரம் ஒரே இரவில் பறந்து வந்து இங்கே ஊன்றியதாம். வளாகத்தின் சுமார் 6,000 உமே மரங்களில் இது முந்திப் பூக்கிறது, பெரும்பாலும் ஜனவரியிலேயே. அதனால் மார்ச்சில் வந்து தலவிருட்சம் மட்டும் பூவில்லாமல் நிற்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

வேண்டிய பிறகு தாயத்தும் குறிச்சீட்டும். ஒமாமோரி என்ற துணிப்பைத் தாயத்தில் 'ககுகியோ' என்றால் படிப்பு, 'கோகாகு' என்றால் தேர்ச்சி. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டாவது, பள்ளியில் படிக்கும் சின்னப் பிள்ளைக்கு முதலாவது. பையைப் பிரித்து உள்ளே பார்க்கக்கூடாது. ஓர் ஆண்டுக்குத்தான் கணக்கு. பிறகு கோயிலில் திருப்பிக் கொடுத்தால் முறைப்படி எரித்துவிடுவார்கள். குறிச்சீட்டின் பெயர் ஒமிகுஜி. இங்கே சீட்டின் நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும். தைகிச்சி என்றால் மிக நல்லது, கியோ என்றால் கெட்டது. கெட்டது வந்தால் கட்டிவிட்டு வரலாம், ஆனால் அதற்கென்று இழுத்திருக்கும் கம்பியில் மட்டும். உமே கிளையில் கட்டினால் மொட்டு உதிரும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாராவது கட்டத்தான் செய்கிறார்கள்.

கோயில் பெயரை மையில் எழுதி முத்திரை குத்தித் தரும் முத்திரைக் கையெழுத்து வாங்குவதென்றால் அதற்கான மடிப்புப் புத்தகம் வேண்டும். சாதாரண நோட்டில் எழுதித் தரமாட்டார்கள். கும்பிட்ட பிறகுதான் கேட்க வேண்டும். எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து, உறையைக் கழற்றி, இரு கையாலும் நீட்டுங்கள். மை காய நேரமாகும். அவர்கள் வைக்கும் மெல்லிய தாளை அன்று இரவு வரை எடுக்காதீர்கள், எடுத்தால் எதிர்ப் பக்கமும் கறுத்துவிடும்.

மண்டபத்தின் பின்புறம் பெரும்பாலோர் போகாத பகுதி. தேய்ந்த தூரிகைகளுக்கு நன்றி சொல்லும் தூரிகை மேடு, சமையல் கத்திகளுக்கு ஒரு மேடு, ஆயிரம் ஆண்டு கடந்த கற்பூர மரங்கள். எழுதும் கருவிக்கே ஒரு சமாதி கட்டிய ஊர்! நம் ஆயுதபூஜை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சரஸ்வதியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவள் பென்சாய்தென் என்ற பெயரில் ஜப்பானில் இருக்கிறாள், வீணைக்குப் பதில் பிவா வாத்தியத்தோடு. ஆனால் அங்கே அவளிடம் கேட்பது இசையும் பணமும். பரீட்சை இலாகா தென்ஜினிடம்தான். அதுவும் பிற்காலத்து ஏற்பாடு: 'எதோ' எனப்படும் காலத்தில் (1603–1868) கிராமத்துத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்துப் பழகும் பிள்ளைகளுக்குத் தென்ஜின் படத்தை மாட்டிவைத்ததில் ஊன்றியது. இடி போட்ட ஆவியை எல்லோரும் மறந்த பிறகு பண்டிதர் மிஞ்சினார்.

ஒன்பதரைக்கு மேல் கடைகள் திறந்ததும் உமேகாஎ மோச்சி. பெயரில் உமே இருக்கிறது, பண்டத்தில் இல்லை. அரிசி மாவும் பசையரிசி மாவும் கலந்த மெல்லிய மேல்மாவு, உள்ளே சிவப்பு அட்சுகிப் பயறின் பூரணம். உமே மலர் முத்திரை செதுக்கிய இரும்பு அச்சில் வைத்து இரண்டு பக்கமும் அழுத்திச் சுடுவார்கள். சுட்ட உடனே மேலே மொறுமொறுப்பு, கடித்தால் இழுபடும் மாவு, நாக்கைச் சுடும் பூரணம். பத்து நிமிடம் ஆறினால் மொறுமொறுப்பு போய்த் தோல் மாதிரி ஆகிவிடும். அதனால் பார்சல் வாங்காதீர்கள். ஒன்று சுமார் 150 யென். முட்டையோ மீன் சாறோ இல்லாத பண்டம், சைவக்காரர்களுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம். 25ஆம் தேதிகளில் மாசிபத்திரி இனக் கீரை அரைத்த பச்சை மோச்சியும், 17ஆம் தேதிகளில் பழைய வகை அரிசி மோச்சியும் கிடைக்கும். நடந்துகொண்டே தின்னாமல் கடை வாசலில் நின்று தின்பது அங்கத்திய பழக்கம்.

நான்காம் நாள்: மிச்சம்

தஸாய்ஃபுவில் நேரமிருந்தால் கோயில் ஓரத்து எஸ்கலேட்டர் சுரங்கம் வழியாகக் கியூஷு தேசிய அருங்காட்சியகம். 2005இல் திறந்தது, திங்கள் விடுமுறை. நிரந்தரக் காட்சி மட்டும் பார்க்க இரண்டு மணி நேரம். எதிர்ப்பக்கம் இதே சுரங்கத்தால் கோயிலுக்கே வந்துவிடலாம்.

ஃபுகுவோகாவில் எஞ்சியிருப்பது சுய்கியோ தென்மான்கூ. தென்ஜின் என்று எல்லோரும் சொல்லும் கடைவீதிப் பகுதிக்குப் பெயர் கொடுத்தது அலுவலகக் கட்டிடங்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிறு கோயில்தான். தஸாய்ஃபுவுக்குப் போகும் வழியில் ஆற்று நீரில் தன் முகத்தைப் பார்த்து, இத்தனை வாடிவிட்டோமா என்று மிச்சிசானே திகைத்த இடத்தில் முதலில் இருந்தது. 1612இல் பிரபு குரோதா நாகமாசா இப்போதைய இடத்துக்கு மாற்றினார். பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

ஊர் திரும்புகிறவர்களுக்கு: தென்ஜினிலிருந்து விமான நிலையம் சுரங்க ரயிலில் பதினொரு நிமிடம். ஆனால் அது நிற்பது உள்நாட்டு முனையத்தில். பன்னாட்டு முனையத்துக்கு வெளியே வந்து இலவச பஸ்ஸில் ஏற வேண்டும், அதற்கு இன்னொரு இருபது நிமிடம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.